நூற்றிருபது சுற்று

தணிகா,

நீ அனுப்பிய பெயர்ப் பட்டியல் வியாழக்கிழமை தபாலில் வந்தது. கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டிய உன் சிநேகிதர்கள் நாற்பத்தொரு பேர். அம்பத்தூரில் உன்னோடு வேலை செய்பவர்கள், அறையில் கூடத் தங்கியிருப்பவர்கள், பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஐ.டி.ஐ.யில் படம் வரையச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். ரஹீம் இல்லை. கண் தவறிவிட்டதோ என்று இன்னொரு முறை மேலிருந்து கீழே படித்தேன். அப்புறம் தறியில் இருந்த உன் நைனாவிடம் போய், "ரஹீம் பேரு இல்லியே" என்றேன். அவர் குறுக்கிழை ஓட்டுகிற நாடாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு தறியை நிறுத்தினார். "அத நீதான் அவனுக்கு எய்தணும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தார். ஐந்து வருஷமாக எதையும் கேட்காத மனிதர் அன்றைக்கு அந்த ஒரு வாக்கியம்தான் சொன்னார். அதனால் எழுதுகிறேன். இதுவரை நான் உனக்கு எழுதியதெல்லாம் தபால் கார்டுதான். எண்ணெய் தேய்த்துக் குளி, சாயங்காலம் ஹோட்டலில் சாப்பிடாதே என்பதற்குமேல் அதில் இடம் இருக்காது. இந்த முறை நோட்டிலிருந்து தாள் கிழித்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கும் எனக்கும் பதினாறு வயதுதான் வித்தியாசம். மற்ற அம்மாக்கள் பிள்ளை வளர்த்தார்கள் என்றால் நான் உன்னோடு சேர்ந்து வளர்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நீ ஆறாம் வகுப்பில் படித்த பூகோளத்தை நானும் படித்தேன். கிளை நூலகத்திலிருந்து உன் கார்டில் எனக்கும் சேர்த்து நீ கொண்டுவந்த புத்தகங்களை, நூல் சுற்றும் ராட்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கை வேலையில் இருக்க ஒரு கையால் பக்கம் திருப்பியிருக்கிறேன். தெருவில் யாருக்கும் அது தெரியாது. தெரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை. நான் போகவே போகாத ஊர்களைப் பற்றியெல்லாம் எனக்குத் தெரியும் என்பது உனக்கும் எனக்கும் நடுவில் இருந்த ரகசியம். அந்த ரகசியத்துக்குள் மூன்றாவதாக வந்தவன் ரஹீம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் அவன் மாமாவின் ரேடியோ ரிப்பேர் கடை. உனக்குப் பதினாறு வயது இருக்கும்போது நீங்கள் இருவரும் எங்கிருந்தோ ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகையைக் கொண்டுவந்தீர்கள். வீட்டிலேயே செய்து, தரையில் நின்றபடி ரேடியோவில் ஓட்டுகிற சின்ன விமானம். அட்டை கிழிந்த அந்தப் பத்திரிகையை அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தோம், மூன்று பேரும். வார்த்தைகளை நான் தேடினேன், படங்களை நீ புரிந்துகொண்டாய், ஒயர்கள் போகிற வழி ரஹீமுக்குத் தெரிந்தது. மூர் மார்க்கெட்டில் பழைய எஞ்சின் ஒன்று கிடைத்தது, எலுமிச்சம்பழம் அளவுக்கு. விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் ஈதரும் கலந்து அதற்கு ஊற்றினீர்கள். வீடே ஆஸ்பத்திரி மாதிரி நாறுகிறது என்று உன் நைனா கத்தினார். பிஸ்கட் டப்பாவுக்குள் ரேடியோ பெட்டி தயாரானது. மேலே பித்தளைக் கம்பி, பக்கத்தில் காலிங் பெல்லில் இருந்து எடுத்த பொத்தான். "போலீஸ்காரன் கண்ணுல பட்டா வயர்லெஸ் வெச்சிருக்கான்னு உன்ன இட்டுக்கினு போய்டுவான்" என்று ரஹீமின் மாமா பயமுறுத்த, "மொதல்ல இது பேசட்டும் மாமு, அப்பறம் புடிக்கட்டும்" என்று அவன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த விமானம் எப்படித் திரும்பும் என்பதை இங்கே நான் எழுதியாக வேண்டும், உனக்குத் தெரியாததல்ல என்றாலும். இந்தக் கடிதத்தை இன்னொருவரும் படிக்கலாம், உன் மனைவியாக வரப்போகிற பெண்ணும்கூட. வால் பலகையைத் திருப்ப அதில் மோட்டார் கிடையாது. விமானத்தின் வயிற்றுக்குள் நீளமாக ஒரு ரப்பர் வளையம். அதை முறுக்கி வைத்திருப்பீர்கள். கையில் இருக்கிற பொத்தானை ஒரு முறை அழுத்தினால் உள்ளே ஒரு கொக்கி விடும், ரப்பர் ஒரு சுற்று அவிழும், வால் வலது பக்கம் திரும்பி நேராகும். இரண்டு முறை தட்டினால் இடது பக்கம். ஆக எத்தனை சுற்று முறுக்கி வைத்தோமோ அத்தனை முறைதான் அதைத் திருப்ப முடியும். அந்த வேலை ரஹீமுடையது. கையால் சுழற்றித் துளை போடுகிற கைத்துளையானின் நுனியில் கொக்கி மாட்டி, உதடு அசைய எண்ணிக்கொண்டே சுற்றுவான். எப்போதும் நூற்றிருபது.

பாலாற்று மணலில், செவிலிமேட்டுப் பக்கம், இரண்டு முறை அதைப் பறக்கவிட்டீர்கள். அப்போது இறக்கைக்குக் காகிதம்தான் ஒட்டியிருந்தது. தென்னை உயரம் ஏறி, சொன்ன பக்கம் திரும்பி, சொன்ன இடத்தில் இறங்கியது. அந்த இரண்டாவது முறைதான் மெட்ராஸ்காரர்கள் வேனில் வந்து அங்கே தங்கள் விமானங்களை விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஊரில் கட்டடம், கம்பி, ஜனம். இங்கே கண்ணுக்கெட்டிய வரை மணல் என்பதால் வருகிறார்கள் என்று சொன்னாய். அவர்களில் ஒருவர் வர்கீஸ் சார், பெங்களூரில் ஒரு விமானப் பட்டறையில் வேலை செய்பவர். உங்கள் விமானத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இறக்கையின் கிழிசலில் விரலை விட்டு ஆட்டி, "காஞ்சிபுரத்தில இருந்துகிட்டு காகிதமா ஒட்டறீங்க?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து நீங்கள் இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். சிரித்து முடித்த பிறகுதான் மற்றதைச் சொன்னீர்கள். மார்கழியில் இங்கேயே ஒரு பெரிய கூட்டம். மெட்ராஸ், பெங்களூர், வேலூரில் இருந்தெல்லாம் வருவார்கள். அதில் மூன்று சுற்று சுற்றிவிட்டு அதே இடத்தில் இறக்கிக் காட்டினால், பட்டறையில் பேசி இரண்டு பேரையும் அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்ளச் செய்வதாக அவர் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் பெங்களூர் என்று நீ சொன்ன அந்த நொடியிலேயே, நீ இல்லாத வீட்டை நான் பார்த்துவிட்டேன். நூலகத்துக்கு யார் போவார்கள் என்றுகூட யோசித்தேன், எவ்வளவு சின்ன யோசனை பார். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், பின்னால் வருவது புரிவதற்காக.

பட்டு போடுவதென்று ஆனதும் உன் நைனா இறங்கிவிட்டார். தறியில் நீளவாட்டில் ஓடிக்கொண்டிருந்த சந்தன நிறப் பாவின் கடைசியில் மிஞ்சிய நீளத்தை, முதலாளியிடம் சொல்லிவிட்டு, உங்களுக்காக வைத்துக்கொண்டார். ஒரு இழை விட்டு ஒரு இழையை அறுத்தெறிந்து, ஒற்றைப் புரி ஊடையைக் குறுக்கே கொடுத்து, ஊதினால் பறக்கிற மாதிரி ஒரு கஜத்துக்குச் சற்று அதிகமாக நெய்தார். சேலை நெய்யும்போதுகூட அவர் அப்படிக் குனிந்து பார்த்து நான் கண்டதில்லை. அறுத்து என் கையில் கொடுக்கும்போது, "ரெண்டு றெக்கைக்கும் நீளவாக்குல வெட்டு. பாவு றெக்கையோட ஓடணும். ஒண்ணு நெட்டுக்கும் ஒண்ணு குறுக்கயும் வெச்சிட்டேன்னா, நனஞ்சி காஞ்சா இது ஒரு பக்கம் இழுக்கும், அது ஒரு பக்கம் இழுக்கும்" என்றார். "எனக்குத் தெரியாதா?" என்றேன். தெரியும். நெசவுக்காரன் வீட்டில் பிறந்து நெசவுக்காரன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்குப் பாவு இழை முறுக்கானது, ஊடை தளர்வானது, ஈரத்தில் இரண்டும் ஒன்றுபோல் சுருங்காது என்பது தெரியாமல் இருக்குமா? உங்கள் பத்திரிகையிலும் அதே வரி இருந்தது. அதற்கு அகராதி பார்த்தவளே நான்தான்.

இடது இறக்கைக்கு அவர் சொன்னபடி நீளவாக்கில் வெட்டினேன். நீங்கள் இருவரும் உள்ளே ஈயம் உருக்கி ஒயர் ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். வலது இறக்கைக்குத் துணியைப் பரப்பினேன். அப்போது என் கண்ணுக்கு ஒன்று பட்டது. இதையும் நீளவாக்கில் வெட்டினால் மிச்சம் நாடா நாடாவாகத்தான் நிற்கும். குறுக்கே திருப்பி வெட்டினால் ஓரத்தில் ஒரு துண்டு முழுசாக மிஞ்சும். கை குட்டையாக வைத்தால் ஒரு ரவிக்கைக்குச் சரியாக இருக்கும். தணிகா, அதுவரை என் உடம்பில் பட்டு பட்டதில்லை. கல்யாணத்தன்று கட்டியது இரவல் சேலை. எங்கள் வீட்டுத் தறியில் எத்தனையோ கல்யாணப் புடவைகள் இறங்கிப் போயிருக்கின்றன. மடித்துக் கொடுத்திருக்கிறேன், முகர்ந்து பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தன நிறம் கை மேல் கிடந்தபோது ஆசையாக இருந்தது. விளையாட்டுச் சாமானுக்கு மேல் ஒட்டுகிற தோல்தானே, எந்தப் பக்கம் ஓடினால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குறுக்கே வெட்டினேன். பசை தடவி நானே ஒட்டினேன். வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சை நீ மேலே தடவிய பிறகு இரண்டு இறக்கையும் தட்டினால் உறுமிமேளம் மாதிரி சத்தம் கொடுத்தன. நெசவின் போக்கே தெரியவில்லை. "அம்மா, வர்கீஸ் சார் அசந்துடப் போறாரும்மா" என்றாய். மிஞ்சிய துண்டு டிரங்குப் பெட்டியில் என் பழைய சேலைகளுக்கு அடியில் இருந்தது.

கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாகப் பனி. விடிவதற்குள் போய் இடம் பிடிக்க வேண்டும் என்று நீங்கள் விமானத்தை மணல்மேல் கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள். நானும் உன் நைனாவும் பொழுது கிளம்பிய பிறகு டவுன் பஸ்ஸில் வந்தோம். திருவிழாக் கூட்டம் தோற்றது போ. மல்லாட்டை வறுத்து விற்கிறவன், பலூன்காரன், கரையெல்லாம் ஜனம். மெட்ராஸ் விமானங்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கின. ஒன்று ஒருவர் தலைப்பாகையைத் தட்டிவிட்டுப் போக, "எமலோகத்துக்கு டிக்கெட் வாங்காமயே ஏத்திட்டுப் போயிருக்கும்யா" என்று அந்த ஆள் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். உங்கள் முறை வந்தது. ரஹீம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், தணிகா. அவன் ஒரு நொடிகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. "நூத்தி இருவது. போட்டுட்டேன், வுடு" என்றான்.

விமானம் அழகாக எழும்பியது. சந்தன நிற இறக்கையில் வெயில் பட்டு, கரையில் இருந்தவர்கள் "பட்டு பிளேன்டா, பட்டு பிளேன்டா" என்று கத்தினார்கள். ஒரு சுற்று. அப்போதே அது இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து போனது. நீ வலது பக்கம் அழுத்தி நேராக்கினாய். மறுபடி சாய்ந்தது, மறுபடி அழுத்தினாய். பொத்தான்மேல் உன் கட்டைவிரல் விடாமல் வேலை செய்ததைப் பார்த்தேன். அந்த விரல் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உள்ளே ஒரு சுற்று தீர்ந்துகொண்டிருந்தது என்று அப்போது யார் நினைத்துப் பார்த்தார்கள்? இரண்டாவது சுற்று. மூன்றாவதில் பாதி. அதற்குமேல் நீ அழுத்த அழுத்த வால் அசையவில்லை. இடது பக்கமே சுழன்று, சுழல் குறுகிக் குறுகி, பம்ப் ஷெட்டுக்கு அந்தப் பக்கம் மணலில் மூக்கால் குத்தியது.

எல்லாரும் ஓடினோம். நீ விமானத்தின் வயிற்றைத் திறந்து பார்த்தாய். ரப்பர் முறுக்கே இல்லாமல் தொளதொளவென்று தொங்கியது. நீ நிமிர்ந்தபோது உன் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது.

"எத்தினி சுத்து சுத்துனே?"

"நூத்தி இருவது."

"பொய் சொல்லாதடா. ரெண்டு தடவ இதே ரப்பர்ல இதே பிளேன் பறந்து மிச்சம் வேற இருந்துச்சு. இப்ப எங்க போச்சு?"

"பெத்த அம்மி மேல சத்தியமா நூத்தி இருவதுடா. எண்ணிக்கினுதான இருந்தேன்."

"மெட்ராஸ்காரன் பிளேனப் பாத்துக்கினு வாயப் பொளந்துக்கினு இருந்திருப்பே. ரிப்பேர் கடைல இருக்கறவனுக்கு ரிப்பேர் பண்ணத்தான் தெரியும். உன்ன நம்பி வந்தேன் பாரு."

நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து நான் நான்கடி தள்ளி நின்றிருந்தேன். என் கையில் ஒடிந்த வலது இறக்கை. பனியில் ஊறிய துணி ஒரு பக்கம் தொய்ந்து, ஒரு பக்கம் இழுத்து, இறக்கையின் பின்விளிம்பே கீழ்ப்பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் தடவினேன். விரலுக்குப் புரிந்துவிட்டது. வலது பக்கத்தை மட்டும் தூக்கிவிட்ட அந்தச் சாய்வு எங்கிருந்து வந்தது, ஏன் அத்தனை முறை அழுத்த வேண்டியிருந்தது, ரப்பர் எப்படித் தீர்ந்தது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக. உன் நைனா என் கையிலிருந்து அந்தத் துண்டை வாங்கினார். அவரும் தடவினார். என்னைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார். ரஹீம் கைத்துளையானை மணலில் மெதுவாக வைத்தான், எறியக்கூட இல்லை. கரைப்பக்கம் நடந்தான். அவனைக் கூப்பிட்டு, "அவன் மேல தப்பில்லடா, நான்தான் துணிய மாத்தி வெட்டிட்டேன்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? கரை ஏறி சைக்கிளை எடுக்கும்வரை அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் வெட்கம். அத்தனை பேருக்கு முன்னால், ஒரு ரவிக்கைத் துண்டுக்காக என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் நீ சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாய். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் வர்கீஸ் சார் நம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். "விழுந்தா என்ன, விழாத பிளேன் எங்க இருக்கு? ரெண்டு பேரும் வாங்க" என்று உன்னிடமே சொன்னார். நீ, "அவன் வர்றதா இருந்தா நான் வரல சார்" என்றாய். அந்த வார்த்தை என் காதில் விழுந்தபோது என் நெஞ்சில் எழுந்தது என்ன தெரியுமா? நிம்மதி. நீ போகப்போவதில்லை. உன்னைக் கோபம் இந்த வீட்டில் கட்டிப்போட்டது, கட்டை அவிழ்க்கிற ஒரு வாக்கியம் என் வாயில் இருந்தது, நான் வாயை மூடிக்கொண்டேன். ரஹீமும் போகவில்லை. அவன் ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியாது, போன வாரம் வரை.

அதற்குப் பிறகு சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் அடுத்த நாள் சொல்வதைக் கஷ்டமாக்கியது. தெருவில் பாவுக்குக் கஞ்சி போடும்போது ஓரிடத்தில் கட்டி தட்டிவிட்டால் ஈரமாக இருக்கும்போதே விரலால் தேய்த்துவிட வேண்டும் என்று உனக்குத் தெரியும். காய்ந்தால் இழையோடு சேர்ந்து அறுந்து வரும். நீ அந்த விமானத்தைப் பரண்மேல் போட்டாய். பிஸ்கட் டப்பாவை விற்றாய். தறியில் உட்கார்ந்தாய், பிடிக்கவில்லை, ஐ.டி.ஐ. போனாய், இப்போது நல்ல வேலையில் இருக்கிறாய். உன் வாழ்க்கை கெட்டுப்போகவில்லை, அதற்கு நான் காரணமும் இல்லை. ஆனால் நீ சிரிக்கும்போது பக்கத்தில் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் அன்றோடு நின்றுபோனது. அதை நான் தினமும் பார்த்தேன்.

உனக்குக் கல்யாணம் என்றதும் புத்தி சொல்ல வேண்டும் என்று எல்லாரும் என்னிடம் சொல்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான், அதுவும் அந்த மணலில் கற்றது. ஏதாவது கெட்டுப்போனால் பழி முதலில் பக்கத்தில் நிற்கிறவர்மேல்தான் விழும். தள்ளி நிற்கிறவரைப் பற்றி யாருக்கும் நினைப்பே வராது. இனிமேல் உனக்கு மிகப் பக்கத்தில் நிற்கப்போவது மாகறலில் இருந்து வருகிற அந்தப் பெண். சாவி தொலையும், பால் பொங்கும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும். அப்போது அவள் "எண்ணித்தான் சுத்தினேன்" என்று சொன்னால், ரப்பரைப் பார்ப்பதற்கு முன்னால் இறக்கையைப் பார். எனக்குக் கல்யாணமான முதல் வருஷம் தறியில் இருந்த சேலையில் எண்ணெய்க் கறை பட்டுவிட்டது. நான்தான் அந்தப் பக்கம் விளக்குத் துடைத்தவள் என்று உன் நைனா என்னை வாய்க்கு வந்தபடி பேசினார். மத்தியானம் பார்த்தால் மேலே உருளையில் இருந்து எண்ணெய் சொட்டியிருக்கிறது. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று, "காலைல நான் பேசுனது தப்பு" என்றார். உட்கார்ந்து சாப்பிட்டார். அவ்வளவுதான். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அன்றைக்கு இந்த வீடு தன் வீடாயிற்று. அதைப் பார்த்த நானே, என் முறை வந்தபோது அதைச் செய்யவில்லை.

பட்டியல் வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை, ரஹீம் கடை மூடியிருக்கும். சனிக்கிழமை காலையில் நம் வீட்டு ரேடியோவைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். ரேடியோவுக்கு ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு போகத் தைரியம் வரவில்லை. மாமா இப்போது வருவதில்லை, கடை அவனுடையதுதான். மீசை வைத்திருக்கிறான். "வாங்கம்மா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். ரேடியோவைத் திறந்து பார்த்தான். "இதுல ஒண்ணும் இல்லியேம்மா, நல்லாத்தான இருக்குது?" என்றான். நான் சொன்னேன். துணி, ரவிக்கை, பனி, எல்லாம். நின்று நின்று, வாய் குழறிச் சொன்னேன். திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். சொல்லி முடித்ததும் திருப்புளியைக் கீழே வைத்தான். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அப்ப, எண்ணிக்க சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தாம்பா இருந்துச்சு. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். நீ தல நிமிரவே இல்ல."

அவன் ரேடியோவின் பின்பலகையை வைத்துத் திருகாணிகளை முடுக்கினான். முடுக்கிவிட்டு, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எண்ணி முடித்ததும் மறுபடி முதலில் இருந்து எண்ணினான். நான் பார்ப்பதைக் கவனித்துச் சிரித்தான். "அன்னிலருந்து இப்பிடித்தாம்மா. எதுவா இருந்தாலும் ரெண்டு தடவ. கடப் பசங்க கிண்டல் பண்ணுவானுங்க. நம்ம எண்ணிக்க மேல நமக்கே நம்பிக்க பூட்சின்னு வெய்ங்க. நானே சொல்லிக்கினு இருந்தேன், ஒரு வேள நூறோட நிறுத்திட்டனோ இன்னாவோன்னு. பெங்களூரு போயி பிளேன்ல கை வெக்கறது எப்பிடி? அதான் போவல" என்றான்.

ஐந்து வருஷம், தணிகா. உன்னிடம் நான் மறைத்தது ஒரு துணித் துண்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையனிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் டீ வரவழைத்துக் கொடுத்தான். "அவனுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டான். இன்னும் சொல்லவில்லை, எழுதப்போகிறேன் என்றேன். "மொதல்ல என்கிட்டயா வந்தீங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கிளம்பும்போது, "கல்யாணத்துக்குக் கூப்புடுவீங்கன்னு பாத்தேன்" என்றான், விளையாட்டாகச் சொல்வதுபோல. நான் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியது நான் இல்லை. என் பங்குக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், மிகவும் தாமதமாக. மணலில் அன்றைக்குச் சொன்ன வார்த்தைகள் உன்னுடையவை. என் பொய்யின்மேல் நின்று சொன்னாய் என்பது உண்மைதான். இருந்தாலும் ரிப்பேர் கடைக்காரன் என்று சொன்னது உன் வாய்.

என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். கல்யாணத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. ரஹீமிடம் கட்டாயம் காட்டு. வாயால் சொன்னபோது விட்டுப்போனது இதில் ஏதாவது இருக்கலாம்.

கடிதத்தோடு ஒரு துணித் துண்டு வைத்திருக்கிறேன். அந்த மிச்சம்தான். ரவிக்கையாகத் தைக்க எனக்குக் கை வரவில்லை, ஒரு முறை தோள்மேல் போட்டுப் பார்த்ததோடு சரி. மடிப்பில் கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது, மற்றபடி இழை உறுதியாக இருக்கிறது. கொஞ்சம் சின்னதாகச் செய்தால் ஒரு இறக்கைக்குப் போதும். பாவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். அடுத்த இறக்கைக்கு வேண்டியதை உன் நைனா நெய்து தருவதாகச் சொல்கிறார். இந்த முறை வெட்டுகிற வேலையை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகைகள் அச்சாகி வந்துவிட்டன. நாற்பத்தொன்றில் நான் பெயர் எழுதிவிட்டேன். ஒன்றை மஞ்சள் தடவி, பெயர் எழுதாமல், அலமாரியில் உன் நூலகக் கார்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை அவன் கடை திறந்திருக்கும்.

அம்மா